சேர்மனுக்கு அத்தான் போட்ட காவல்

அத்தானைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்தான். டிக்கெட் இல்லாமல் மாட்டியவர்கள், இன்னும் மாட்டாதவர்கள். என் அக்காவின் கணவரான அவர் இருபத்தாறு வருடமாக டவுன் பஸ்ஸில் செக்கர். ஏறியதும் யார் கையையும் பார்க்கமாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார்.

"ஜன்னலுக்கு வெளிய ரொம்ப ஆர்வமா பாக்குறவன்கிட்ட டிக்கெட் இருக்காது" என்பார். அது பெரும்பாலும் பலித்துத் தொலைக்கும். அந்தத் தைரியத்தில் வீட்டுக்குள்ளும் அதே கண்தான். பால் குறைந்தால் முதலில் என் மீசையைப் பார்ப்பார்.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், ஒண்டிக்கட்டை. நாலு வருடமாக அவர்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். எனக்கு அக்காவை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அத்தான் சந்தேகப்படாத ஒரே உயிர் சேர்மன். அது அவர் வளர்க்கும் காக்கட்டூ, வெள்ளைக் கிளி. கோபம் வந்தால் கொண்டையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் அதட்ட எழுந்த சேர்மன் மாதிரி நிற்கும், அதனால் அந்தப் பெயர். ஐந்து வயது ஆனதும் அதற்கு என்னவோ ஆகிவிட்டது. விடிந்தால் கத்தல். சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டு செய்தித்தாளை நாராகக் கிழிக்கும். அத்தான் தொட்டால் மட்டும் குழையும், வேறு யார் கிட்டே போனாலும் பாயும். ஒரு நாள் அக்காவின் விரலைக் கடித்துவிட்டது. மூன்று தையல்.

"யாரோ இதைச் சீண்டி விடுறாங்க" என்றார் அத்தான். 'யாரோ' என்றபோது என்னைப் பார்த்தார்.

மறுநாளே காவல் தொடங்கியது. நான் பார்க்க முடியாதபடி கூண்டைச் சுற்றிப் போர்வை. சேர்மன் ஒளிந்துகொள்ள உள்ளே ஒரு அட்டைப்பெட்டி. கூண்டுக்குப் பூட்டு. சாவி, அவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை நாடாவில். போதாக்குறைக்கு ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு தடவை திருட்டுத்தனமாகப் புரட்டினேன். "7.10: மச்சினன் கூண்டைப் பார்த்தான். 7.25: மறுபடியும் பார்த்தான்." தண்ணீர் குடிக்கப் போனவனைத்தான் இப்படி எழுதியிருந்தார்.

எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. என்னைக் கிளப்புவதற்காக இவரே கிளியைப் பழக்குகிறாரோ? சில சமயம் என் மேலேயே வந்தது. போன மாதம் அதைப் பார்த்து விசில் அடித்தேனே, அதனால்தானோ?

காவல் கூடக் கூடச் சேர்மனின் ஆட்டமும் கூடியது. மூன்றாவது வாரம் அத்தான் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்க. நீ போனா அது சரியாயிடும்."

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். தையல் பிரித்த விரலை அவர் முன்னால் நீட்டினாள். "முதல்ல கிளியை டாக்டர்கிட்ட காட்டுங்க. அவரும் இவன்தான் காரணம்னு சொல்லட்டும், நானே பெட்டி கட்டித் தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கூண்டை நான் தூக்கினேன், நோட்டை அவர் தூக்கினார். பறவை டாக்டர் ஒரு அம்மாள். அத்தான் சாட்சிப் பத்திரம்போல் நோட்டை நீட்டினார். அந்த அம்மாள் என்னைப் பற்றிய பக்கங்களைத் தள்ளிவிட்டு, அத்தான் தன்னைப் பற்றி எழுதியதைச் சத்தமாகப் படித்தார்.

"'8.00: வெதுவெதுப்பா மசிச்ச கிழங்கு, என் கையால மட்டும். 8.30: றெக்கைக்கு அடியில, முதுகில அரை மணி நேரம் தடவல். நிம்மதியா இருக்கு.' இது யாரு?"

"நான்தான். வேற யார் குடுத்தாலும் நம்ப முடியாதே."

"கூண்டுக்குள்ள இந்த இருட்டுப் பெட்டி?"

"அதுவும் நான்தான். பாதுகாப்புக்கு."

டாக்டர் நோட்டை மூடினார். "சார், வயசுக்கு வந்த கிளி. முதுகில தடவுறது, சூடா ஊட்டுறது எல்லாம் ஜோடி செய்யற வேலை. இருட்டுப் பெட்டின்னா அதுக்குக் கூடு. அது உங்களைத் துணைன்னு நினைச்சிடுச்சு. கிட்ட வர்றவங்களை எல்லாம் போட்டின்னு நினைச்சுக் கடிக்குது. அதை யாரும் சீண்டல."

பெட்டியை எடுக்க வேண்டும், தலையையும் கழுத்தையும் தவிர எங்கும் தொடக்கூடாது, சூடான சாப்பாடு கூடாது, சீக்கிரம் விளக்கணைத்துத் தூங்க வைக்க வேண்டும், எல்லோரும் மாறி மாறித் தீனி கொடுக்க வேண்டும் என்றார். அத்தான் ஒன்றையும் நோட்டில் எழுதவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கேலியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நாக்கு துடித்தது. ஆனால் பாவமாக இருந்தது.

வீட்டில் பெட்டியை அவரே எடுத்துக் கிழித்தார். சேர்மன் முதுகைத் தாழ்த்தி, அவரைப் பார்த்துச் சின்னக் குரலில் கூப்பிட்டது. அவர் கை கம்பி வரைக்கும் போய் நின்றது. பிறகு நாடாவிலிருந்து சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"அத்தான், மாசக் கடைசி..."

"எங்கயும் போக வேணாம். சாவியைப் பத்திரமா வச்சுக்க. நான் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் குடுத்துடாத. என்னை நம்பாத."