அக்கரையிலிருந்து வந்த பெயர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஊர்க்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழகாத கை இது. நாலு பேர் படிக்கும்படி ஒன்றை எழுத எனக்கு என்ன தகுதி? ஆனால் இந்த ஒரு சங்கதியை வாயால் சொல்ல இத்தனை வருஷமாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு இரைச்சல் வரும். எண்ணெய்ச் சட்டியில் மீனைப் போட்டதும் எழுகிற சத்தம் மாதிரி. அதோடு, சூடேறிய தூசியின் வாசனையும் மரப்பெட்டியின் மெருகு வாசனையும் கலந்து வரும். பிறகு கடல் விலகி வழி விட்டதுபோல இரைச்சல் ஒதுங்க, நடுவிலே ஒரு அம்மாளின் குரல் தெளிவாகப் பேசும். அதுதான் எங்கள் தெருவுக்கு வந்த முதல் ரேடியோ. நாங்கள் அதை ரேடியோ என்று சொன்னதில்லை, "பெட்டி" என்றுதான் சொல்வோம். அது இருந்த வீடு "பெட்டி வீடு", அந்த வீட்டுக்கார அம்மா "பெட்டி மாமி".

இராமநாதபுரத்திலிருந்து தெற்கே கடலைப் பார்த்து வரும் பஸ் கடைசியாக வந்து நிற்கும் ஊர் எங்களுடையது. ஆண்களில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் இருந்தார்கள். தனுஷ்கோடியில் கப்பலேறிப் போனால் இரண்டு வருஷம், மூன்று வருஷம் கழித்துத்தான் முகம் பார்க்கலாம். அப்படிப் போனவர்களில் ஒருவரான பெட்டி மாமா ஒரு தடவை ஊர் வந்தபோது, பெட்டியைக் கைப்பிள்ளையைப் போலப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். தெருவில் அப்போது கரண்ட் கிடையாது. செங்கல் பருமனில் இரண்டு பாட்டரி, கூரை மேல் மூங்கில் நட்டுக் கட்டிய ஒரு கம்பி. பாட்டரி தீர்ந்துவிடுமென்று மாமி சாயங்காலம் நாலு மணிக்குத் திருகி அரை மணி நேரத்தில் அணைத்துவிடுவார்.

மதராஸ் ஸ்டேஷன் எங்களுக்கு மங்கலாகத்தான் கேட்கும். கொழும்பிலிருந்து பேசும் அக்கரை ஸ்டேஷன்தான் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கும். நாலு மணிக்கு அதில் விரும்பிக் கேட்டவர்களின் பாட்டு. பாட்டுக்கு முன்னால் யார் யாருக்காகக் கேட்டார்களோ அவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். எங்கள் தெருப் பெண்களுக்குப் பாட்டு பெரிதில்லை. பெயர்தான் பெரிது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷன் நம்மை நினைத்தான் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேண்டும்?

அடுத்த வீட்டுச் சுலைகாவின் பெயர் மாதம் ஒரு தடவையாவது வந்துவிடும். அவளுடைய வாப்பா வேலை பார்த்த கடையின் கணக்குப்பிள்ளைக்கு ஸ்டேஷனில் தெரிந்தவர் இருந்தார். எந்த நாளில் வரும் என்பதுகூட முன்னதாகவே கடிதத்தில் வந்துவிடும். அன்றைக்குப் பெட்டி மாமி முற்றத்தில் பாய் விரித்துவிடுவார். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நெருங்கி உட்கார்ந்திருப்போம். "சு-லை-கா" என்று அந்தக் குரல் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைக்கும்போது எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். மாமி அவள் வாயில் சீனி போடுவார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பாவாடை நுனியைத் திருகுவாள். சந்தோஷத்தை மறைக்கத்தான் அப்படிச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். பெயர் வருகிற நேரமாகப் பார்த்து இரைச்சல் வந்து மூடிவிட வேண்டுமென்று நான் எத்தனையோ தடவை துஆச் செய்திருக்கிறேன்.

என் வாப்பாவும் கொழும்பில்தான் இருந்தார். என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

"ஏண்டி ஆமினா, உங்க வாப்பாவுக்கு ஸ்டேசனுக்குப் போற வழி தெரியலையாமா?" என்று பெட்டி மாமி கேட்பார்.

"அவுகளுக்குக் கடையும் பள்ளிவாசலுந்தான் தெரியும். மூணாவது எடத்துக்கு யாராச்சும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்" என்று இன்னொருத்தி சொல்ல, பாயில் இருந்த எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

உம்மாவுக்குத் தெரியாமல் வாப்பாவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. "பொம்பிளைப் பிள்ளையின் பெயரைக் காற்றில் விடுவது நமக்குப் பழக்கமில்லை. நன்றாக ஓதவும்." அந்தக் கடிதத்தைப் பார்த்த உம்மா, "அவ வாப்பா அவளுக்கு, ஓ வாப்பா ஒனக்கு. சும்மா கெட புள்ள" என்று சொல்லிவிட்டு மீன் அலசப் போய்விட்டாள்.

இதில் என்னைக் கூடுதலாக எரித்தது ஒன்று உண்டு. சுலைகாவின் வாப்பா அனுப்பும் கடிதங்களை வாசித்துக் காட்டுவதே நான்தான். சுலைகாவின் உம்மாவை நான் சாச்சி என்று கூப்பிடுவேன். சாச்சிக்கு அரபு எழுத்தில் எழுதிய தமிழைத்தான் வாசிக்க வரும். அந்தக் காலத்தில் எங்கள் பெண்களில் அநேகம் பேர் அப்படித்தான். சுலைகாவும் ஓதுகிற பள்ளியோடு நின்றுவிட்டாள். அவள் வாப்பா சொல்லச் சொல்லக் கணக்குப்பிள்ளை எழுதுவதோ தமிழ் எழுத்தில். ஆகவே தபால்காரர் வந்துபோனதும், "ஆமினா, இங்கன ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று மதிலுக்கு மேலே சாச்சியின் குரல் கேட்கும். சுலைகாவின் பெயர் எந்த நாளில் வரும் என்பதை என் வாயாலேயே நான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்படி ஒரு கடிதம் வந்தது. வழக்கமான சலாம், நலம் எல்லாம் வாசித்துவிட்டு அடுத்த வரிக்கு வந்தேன். "இந்தத் தடவை, ஊரிலிருந்து வந்த மச்சானிடம் சுலைகா சொல்லியனுப்பியபடியே செய்திருக்கிறேன்." தலையைத் தூக்கிப் பார்த்தேன். சுலைகா என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லியனுப்பினாள் என்று நான் கேட்கவில்லை. தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்டிருப்பாள், அல்லது பெயரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லியிருப்பாள். அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் மீன்முள்போலக் குத்திக்கொண்டு நின்றது.

அடுத்த வரியில், "வருகிற வியாழக்கிழமை நாலு மணிக்கு வரும், எல்லோரும் தவறாமல் கேட்கவும்" என்று இருந்தது.

"வருகிற வெள்ளிக்கிழமை" என்று வாசித்தேன்.

யோசித்து வைத்துச் செய்ததில்லை. கண் ஒன்றைப் பார்த்தது, நாக்கு வேறொன்றைச் சொன்னது. சாச்சி, "வெள்ளிக்கெழமையா, நல்ல நாளாத்தான் பாத்திருக்காக" என்று சந்தோஷப்பட்டார். சுலைகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கண்டிப்பா வரணும்டி. நீ வராட்டி நான் பெட்டியத் திருகவே விடமாட்டேன்" என்றாள். பெருமையைக் காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் தனியாகப் பெட்டி வீட்டுக்குப் போனேன். ஒருத்தரும் இல்லாத இடத்தில் அவள் பெயர் விழுந்து வீணாவதை என் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. மாமி பெட்டியைத் திருகிவிட்டு, அஸர் தொழுகைக்குப் பிந்திவிட்டதென்று அவசரப்பட்டார். "சத்தத்தக் கொறச்சுக்க புள்ள, தொழுதுட்டு வாரேன்" என்று உள்ளே போனார். தொழுகை நேரத்தில் பெட்டி சத்தமாகப் பாடக் கூடாது. நான் குமிழைத் திருகி, சத்தம் நூலாக இழைகிறவரை குறைத்து, பெட்டியின் முன்பக்கத்துத் துணியில் காதை ஒட்டவைத்துக்கொண்டேன்.

இரண்டு பாட்டுப் போனது. பிறகு அந்த அம்மாளின் குரல் என் காதுக்குள்ளேயே பேசியது. "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர் கொழும்பிலிருந்து ஒரு தந்தையார். இராமநாதபுரம் கரையிலிருக்கும் அன்பு மகள் சுலைகாவுக்காகவும், அவருக்குக் கடிதம் வாசித்துக் காட்டும் அருமைத் தோழி ஆமினாவுக்காகவும்."

ஆ-மி-னா. அதே மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக.

என்ன பாட்டு வந்ததென்று எனக்குத் தெரியாது. துணியின் சொரசொரப்பு கன்னத்தில் பதிந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. உள்ளே மாமி ஸலாம் கொடுத்து முடித்து, தொழுகைத் துப்பட்டியைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தார்.

"நம்ம ஊருப் பேரு ஏதாச்சும் வந்துச்சா புள்ள?"

"இல்ல மாமி" என்றேன்.

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என் பெயர் கடல் தாண்டி வந்தது. அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். கேட்டேன் என்று சொன்னால், கடிதத்தில் வெள்ளிக்கிழமை என்றல்லவா வாசித்தாய் என்று கேட்பார்கள். பத்து நாள் கழித்து, "இரண்டு பேரும் கேட்டீர்களா, பிள்ளைகளுக்குச் சந்தோஷமா" என்று அங்கிருந்து கடிதம் வந்தது. அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை வாசித்தேன். பதில் எழுதும்போது, வெள்ளிக்கிழமை கேட்டோம், வரவில்லை என்று சாச்சி சொல்லச் சொல்ல, கேட்டோம், மிகவும் சந்தோஷம் என்று எழுதினேன்.

பெட்டி வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் மாடி வைத்த செல்போன் கடை இருக்கிறது. மூங்கிலும் இல்லை, தனுஷ்கோடிக் கப்பலும் இல்லை. ஊர்க் கேபிள்காரர் நடத்துகிற உள்ளூர் டிவியில், பிறந்தநாளென்று பிள்ளைகளின் போட்டோவைப் போட்டுக் கீழே பெயரை ஓடவிடுகிறார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை, வாயில் சீனி போடுவதுமில்லை. போன மாதம் சுலைகாவின் பேத்தி போட்டோ அதில் வந்தது. என் பேத்தி போட்டோ இன்னும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு இராத்திரியும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுலைகா இன்றும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். கொழும்பிலிருந்து அவள் வாப்பா திரும்பி வந்தபோதும் இந்தப் பேச்சு எழவில்லை. நாங்கள் கேட்டுவிட்டோம் என்று அவர் கடைசிவரை நினைத்திருந்தார்.

அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. சாச்சி வீட்டார் ஆறு பேரும் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, மூன்றரை மணிக்கே பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சுலைகா பாயில் பெட்டிக்கு நேரே எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாலரை மணிக்கு மாமி பெட்டியை அணைத்தார்.