மணல் மேட்டில் ஒரு மாப்பிள்ளை

ஒஸ்லோவின் ஹவுகெட்டோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் மகள் பழைய படங்களையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். நேற்று ஒன்றைத் தூக்கிக் காட்டி, "அப்பா, இது எந்த ஃபெரி? டுபாய்க்கோ போனனீங்கள்?" என்றாள். விடுமுறைக்கு நோர்வே மொழியில் ஃபெரி; அவள் அதைத் தமிழில் சொல்லி நான் கேட்டதில்லை. அடுப்படியில் நின்ற என் மனைவி சிரித்த சிரிப்பில் கறி கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

படத்தில் நான் ஒரு மணல் மேட்டின் உச்சியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இரவல் கறுப்புக் கண்ணாடி, தேவையில்லாத மிடுக்கு. முன்னால் மணலில் நீளமாக ஒரு நிழல்.

அது டுபாய் இல்லை. ஒஸ்லோவிலிருந்து ரயிலில் பல மணித்தியாலம் வடக்கே போனால் வரும் மலை ஊர். அகதி முகாமென்று என்னை அங்கேதான் போட்டிருந்தார்கள். நோர்வே என்றால் பனி என்று நினைத்து வந்தவனுக்கு, மலைகளுக்கு நடுவே மணல் மேடுகள்! காலையில் வறுத்த அரிசிமா நிறம், பின்னேரம் செம்மை. மலைக்காற்று இறங்கினால், நேற்று நான் நடந்த வரம்பு இன்று தள்ளிக் கிடக்கும். விசா முடிவுக்குக் காத்திருந்த எங்களுக்கு, தினமும் ஏதாவது மாறியது அங்கே மட்டும்தான். அந்த மணல் இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். இன்றைக்கும் அதற்கு நன்றி சொல்கிறேன்.

படம் எடுத்தவர் என் அறையில் இருந்த மன்னார் யேசுதாசன் அண்ணை. ஊரில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணுக்கு அதைப் பெருமையாக அனுப்பினேன். வெளிநாடு அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரர்கள் ஆட்களை நடுவழியில் கைவிட்டுப்போகும் காலம் அது. இரண்டு மாதம் கழித்து வந்த அவளுடைய பதிலை அண்ணையிடம் நீட்டினேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. உங்களை அரபு நாட்டிலையோ விட்டிட்டாங்கள்? முன்னுக்கு நிழலா நிக்கிறது ஏஜென்சிக்காரனோ? அப்பா வேறை இடம் பாக்கப்போறாராம்."

யேசுதாசன் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "பொறு தம்பி. பனி வரட்டும். அதே இடத்திலை எடுப்பம்."

பனிக்காகத் தினமும் மேட்டுக்கு நடந்தேன். கலியாணக் கவலையில் கண் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லலாம்தான், ஆனால் பார்த்தேன். ஒரு நாள் காலை, பள்ளங்களில் மட்டும் வெள்ளை, வரம்புகளில் மணல். புட்டுக்கு நடுவே தேங்காய்ப்பூ வைத்த மாதிரி. "ஓடியா தம்பி, வெயில் ஏறினாக் கரைஞ்சிடும்!" என்று அண்ணை கமராவோடு ஓடினார்.

போனால் அதே இடம் அங்கே இல்லை. காற்று மேட்டைத் தள்ளிவிட்டிருந்தது. முதல் படத்தில் என் முழங்கால் உயரம் நின்ற பைன் கன்றின் நுனி மட்டும் மணலுக்கு வெளியே தெரிந்தது. அண்ணை அதைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் என்னை நிறுத்தினார். பின்னால் வெள்ளை மலை. அந்தப் படத்தையும் அவளுக்கு அனுப்பினேன்.

"அதே பைன் கன்றைக் கண்டனான். நம்பிறன்" என்று பதில் வந்தது. பிறகு அவளே வந்தாள்.

போன கோடையில் குடும்பமாக அங்கே போனோம். மரமும் பாசியும் மணலை மூடிவிட்டன. காற்று வந்தாலும் நகர்த்துவதற்கு அங்கே ஒரு மேடு மிச்சமில்லை. ஸ்தவாங்கர் நகருக்கு வீடு மாறிப்போன அண்ணையும் முந்தின வருடம் காலமாகிவிட்டார். எப்போதும் கமராவுக்குப் பின்னாலேயே நின்றதால், அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

"அப்பா, இந்த நிழல் வடிவாயில்லை. வெட்டிவிடட்டே?" என்றாள் மகள்.

மனைவி அகப்பையோடு வந்து திரையைப் பார்த்தாள்.

"விடு பிள்ளை. அது யேசுதாசன் அண்ணை. நிக்கட்டும்."