துருவுக்கு அடியில் இரண்டு எழுத்து

துரு எடுப்பதில் என்னை மிஞ்ச தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஆள் இல்லை என்று பத்து வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஊறவைத்த புளிச்சக்கை, இடித்துச் சலித்த செங்கல் தூள், ஒரு ஈரச் சாக்குத் துண்டு. இவை இருந்தால் எந்த இரும்பையும் நான் வெளுக்க வைத்துவிடுவேன். லிந்துலைப் பக்கத்து மழைக்கும் மூட்டத்துக்கும் இரண்டு நாள் சும்மா கிடந்தாலே இரும்பு சிவந்துவிடும். பக்கத்து அறைக் காம்பராக்காரர்கள்கூட அரிவாள்மணையை என்னிடம் கொடுத்தனுப்புவார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு சாக்கு மூட்டையோடு எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கழித்துவிடும் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர். அங்கே வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார் என்று கணக்குத் தீர்த்த பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்படி வெளியேற்றப்பட்டவனை வேறு தோட்டங்களும் சேர்க்கமாட்டா. அதனால் மாமா கினிகத்தேனையில் கிராமத்துக்காரர்களின் தேயிலைத் துண்டு நிலங்களில் வேலை செய்தவர் என்றுதான் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். அம்மா எனக்கும் தம்பிக்கும் இதைத் தினமும் பாடம்போல் ஒப்பிக்க வைத்தாள். பேர் பதியாத ஆள் லயத்தில் தங்கக்கூடாது. இரண்டு மாதமாகக் காவல்காரர் வரும்போதெல்லாம் மாமா விறகுக்குப் போவதுபோல் மலையேறிவிடுவார்.

கடைசியில், கவ்வாத்துக்கு ஆள் போதாமல், ஒரு திங்கட்கிழமை பெரட்டுக்கு வரச் சொல்லி அவருக்குச் சொல்லியனுப்பினார்கள். விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் இடம்தான் பெரட்டுக் களம். கவ்வாத்துக்குப் புதிதாக வருகிறவனின் கத்தியை, மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு அங்கேயே வாங்கிப் பார்ப்பார். கத்தி சரியில்லை என்றால் கிளை பிளந்துபோகும். பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கிச் செடி அழுகும். நல்ல கத்தி இல்லாதவனுக்கு வேலை இல்லை.

மாமாவிடம் இருந்தது பழைய கத்தி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லில் தேய்த்து அதன் வெட்டுவாயை மட்டும் பளபளவென்று ஆக்கினார். மேல்பக்கம் முழுவதும் செதில் செதிலாகத் துரு. அதைத் தொடவே இல்லை. சாக்கில் சுருட்டி வைத்துவிட்டு முடிவெட்ட லிந்துலைக்குப் போனார். ஆம்பிளைகளின் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். நான் இருக்கும்போது என் மாமா துருப்பிடித்த கத்தியோடு போய் நிற்பதா?

புளிச்சக்கையில் துரு விடவில்லை. ஆகவே ரசத்துக்கு வைத்திருந்த புளியையும் எடுத்தேன்.

"ஏண்டி, கத்தியா நாளைக்குச் சோறு திங்கப் போகுது?" என்றாள் அம்மா. அடுப்புப் புகைக்குள்ளிருந்து கேட்டாளே தவிர எட்டிப் பார்க்கவில்லை.

மத்தியானம் வரை தேய்த்தேன். பிடிக்குப் பக்கத்தில் துரு கனமாக இருந்தது. அங்கே தேய்க்கத் தேய்க்க ஒரு வட்டமும், அதற்குள் இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளும் வெளியே வந்தன. ஒவ்வொரு தோட்டமும் தன் பேரின் எழுத்துகளைக் குத்தியனுப்பும் தேயிலைப் பெட்டிகளைப் பார்த்து அந்த எழுத்துகளை எனக்குத் தெரியும். அந்த இடத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பிறகு தேங்காய் எண்ணெய் தடவி, பழையபடி சாக்கில் சுருட்டி வைத்தேன். மாமாவிடம் சொல்லவில்லை. களத்தில் பிரித்துப் பார்த்து அவர் அசந்துபோக வேண்டும்.

மறுநாள் காலை சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தம்பியை விடுகிற சாக்கில் நானும் களத்துக்குப் போய் நின்றேன்.

மாமா சாக்கைப் பிரித்தார். அசந்துதான் போனார். ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை. கத்தியை மறுபடி சுருட்டப் பார்த்தார். அதற்குள் கண்டாக்கு கையை நீட்டிவிட்டார். பக்கத்தில் கணக்கப்பிள்ளை. களத்தில் யார் தும்மினாலும் தோட்டத்தை நடத்தும் துரைக்குச் சொல்கிற மனிதர்.

கண்டாக்கு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு தேச்சது?"

வளர்ந்துவிட்ட இப்போது நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. அன்றைக்கு வந்தது.

"நாந்தாங்க ஐயா. எழுத்தெல்லாம் தெரியிற மாதிரி தேச்சேங்க."

"என்ன எழுத்து?" என்று கணக்கப்பிள்ளை கழுத்தை நீட்டினார்.

"கத்தி செஞ்ச கம்பனிப் பேரு," என்றார் கண்டாக்கு. "மசமசன்னு நிக்காம ஆளோட பேர எழுதுங்க. கினிகத்தேனையிலேருந்து வந்த ஆளு."

பேர் ஏறியது. கத்தியை மாமாவிடம் கொடுக்கும்போது கண்டாக்கு மெல்லச் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "இந்தப் புள்ள கையில இனி கத்தியக் குடுக்காத."

இப்படிக் கூலி வாங்காமல் உழைத்ததற்கு இதுதான் மரியாதையா என்று எனக்கு அழுகை வந்தது. அன்று சாயந்திரம் மாமா அரத்தை எடுத்து அந்த வட்டத்தையும் எழுத்துகளையும் ராவித் தள்ளியபோது நிஜமாகவே அழுதேன்.

"ஏன் மாமா அழிக்கிறீங்க? அதுக்குத்தான் ரொம்ப நேரமாச்சு."

"தெரியும் புள்ள," என்றார். அம்மா முதல் தடவையாக அந்தக் கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். உடனே என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். 

நான் தேய்த்த தேய்ப்பில்தான் மாமாவுக்கு வேலை கிடைத்தது என்று ஒரு வாரம் லயமெல்லாம் சொல்லித் திரிந்தேன். மாமா மறுக்கவில்லை. எனக்கு ஆறாத மனக்குறை கண்டாக்கு மேல்தான். கத்தியை வாங்கியதிலிருந்து திருப்பிக் கொடுக்கும்வரை, நான் உயிரைக் கொடுத்துத் தேய்த்த அந்த வட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். கணக்கப்பிள்ளை குனிந்து பார்த்தபோதுகூட எடுக்கவில்லை. அவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார், துரு எடுத்த இரும்பில் வியர்வைக் கை படக்கூடாது என்பதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.