கோவண்டி வரும்வரை ஒரு சாக்ஸ்

நான் முதன்முதலாக வடிவம் போட்ட சாக்ஸ் ஒன்றரை முழ நீளத்தில் வந்து நின்றது. அதைப் போட வேண்டியவன் அவ்வளவு நீளம்கூட இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. மும்பையில், செம்பூரில் இருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி, தினமும் லோக்கல் ஏறி வாஷியில் ஓர் ஆபீஸுக்குப் போய்வந்தாள். ரயிலின் லேடீஸ் டப்பாவில் கிளிப்பும் பொட்டும் விற்க வருகிற ஒரு பெண்ணிடம்தான் எனக்கு ஒரு பின்னல் லூமை வாங்கி வந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு குச்சிகள், கூடவே ஒரு கொக்கி. குச்சிகளில் உல்லன் நூலைச் சுற்றி, அடியில் கிடக்கும் கண்ணியைக் கொக்கியால் தூக்கி மேல் நூலைத் தாண்டிப் போட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. போடப் போட வளையத்துக்குக் கீழே ஒரு குழாய் இறங்கிக்கொண்டே வரும்.

எனக்கு அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. பென்சிலுக்கு உறை, தண்ணீர் பாட்டிலுக்குச் சட்டை என்று வீட்டில் எதையும் விடவில்லை. கட்டம் போட்ட நோட்டில் யானை உடம்புக்கு இத்தனை சுற்று, தும்பிக்கைக்கு இத்தனை சுற்று என்று நானே யோசித்து எழுதி வைத்தேன். யானைதான் இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அதே வாரத்தில்தான் தம்பி இரண்டு மாதம் முந்திப் பிறந்தான். அவன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், அம்மா பக்கத்து வார்டில். சின்னப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். குளிக்க மட்டும் வீட்டுக்கு வந்த அப்பா, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"பாதம் இம்புட்டுத்தான் இருக்கு. கடையில வாங்கின சாக்ஸ் கழண்டு கழண்டு விழுது. கால் சில்லுன்னு ஆவுதுன்னு நர்ஸ் கவலைப்படுதாங்க."

இந்த மும்பையில் அந்தக் காலுக்குச் சாக்ஸ் போட என்னை விட்டால் ஆளில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். ஆனால் கை? சித்தியின் கைதான் மிச்சம். சித்திக்கோ ரயிலில் உட்காரும் நேரம்தான் மிச்சம். அதிலும் ஒரு வம்பு. பக்கத்து சீட்டுப் பெண்கள் ஆளுக்கொன்று கேட்பார்கள், இவள் பதில் சொல்வாள், எத்தனையாவது சுற்று என்பதே மறந்துபோகும்.

"எண்ண மட்டும் சொல்லாதட்டி, எனக்கு அது வராது" என்று கைவிரித்தாள்.

சரி, எண்ணவே வேண்டாம் என்று நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தேன். செம்பூரிலிருந்து கோவண்டி வரை மேல்பட்டி. கோவண்டியிலிருந்து மான்கூர்டு வரை கால். மான்கூர்டு தாண்டி, பாலமும் கடந்து வாஷி வருவதற்குள் பாதம். திரும்பி வரும்போது தலைகீழ். விரலில் தொடங்கிப் பட்டியில் முடிக்க வேண்டும். போகும்போது ஒரு கால், வரும்போது ஒரு கால். கடைசியில் கொட்டை எழுத்தில், 'ஸ்டேஷன் வராமல் நிறுத்தக் கூடாது' என்று ஓர் உத்தரவும் போட்டேன். என்ன திமிர் பாருங்கள்!

மறுநாள் காலையில் போகும்போது பின்னிய சாக்ஸ் அற்புதமாக வந்துவிட்டதாக ஆபீஸிலிருந்து போன் செய்தாள். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. பக்கத்து வீட்டு அக்காவின் ஜன்னலில் தொங்கிக்கொண்டு காத்திருந்தேன். எட்டு மணிக்குச் சித்தி தொப்பலாக நனைந்து வந்தாள். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, மான்கூர்டுக்கும் கோவண்டிக்கும் நடுவே வண்டி இரண்டு மணி நேரம் நின்றுவிட்டதாம். ஒரு கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் பையிலிருந்து சாக்ஸை எடுத்தாள். எடுத்தாள், எடுத்தாள், வந்துகொண்டே இருந்தது. கட்டைவிரல் அளவுக்குப் பாதம், அதற்கு மேல் ஒன்றரை முழத்துக்குக் கால், அதன் உச்சியில் ஒழுங்காக ஒரு பட்டி வேறு.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தம்பிக்கு ஒரு கால் குளிரப்போகிறது!

"உங்களுக்கு எண்ணத் தெரியாதா சித்தி? ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"கோவண்டி வரலியேட்டி" என்றாள் சித்தி. "நீதான எழுதியிருந்த, கோவண்டி வார வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு."

"அதுக்காக?"

"ஆமா, கோட்டிதான் நான், கிறுக்கிதான்" என்று ஈரத்தலையோடு தரையில் உட்கார்ந்து, என்னை எண்ணச் சொல்லி இன்னொரு சாக்ஸைத் தொடங்கினாள். போனை மடியிலேயே வைத்துக்கொண்டாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எண்ணினேன். நடுநடுவே திட்டவும் செய்தேன்.

மறுநாள் காலையில் அப்பாவின் போன் வந்ததும் சித்தி அடுப்படியில் நின்று சிரித்தாள், அழுதாள், என் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். இரண்டு சாக்ஸும் ஒரே அளவாக அமைந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நீளச் சாக்ஸைப் பிரிக்கச் சித்தி சம்மதிக்கவில்லை. கட்டு அவிழ்த்த பிறகு பாதத்தில் பஞ்சடைத்து, இரண்டு பொத்தான் கண் தைத்து, அதை அணில் ஆக்கினேன். யானையை முந்திக்கொண்டு பிறந்த என் முதல் பொம்மை. உடம்பைப் போல் பத்து மடங்கு வால்! வீட்டுக்கு வந்த தம்பிக்கு அந்த வாலைச் சப்பியே பல் முளைத்தது. இப்போது அவனுக்குப் பத்தாம் நம்பர் ஷூ. நானும் லூமை விடவில்லை. சாக்ஸ், ஆமை, யானை என்று என் சொந்த வடிவங்களை எழுதி நாலு பேருக்குச் சொல்லித் தருகிறேன். எல்லாம் சித்தி போட்ட பிச்சை.

போன மாதம் அணிலின் தையல் விட்டுப்போனது. ரிப்பேர் பார்க்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். வாலின் தொடக்கத்தில் கண்ணிகள் சித்தியின் கைவாக்கில் தளர்வாக இருந்தன. கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று ஓர் இறுக்கம். அங்கிருந்து மேல்பட்டி வரை ஊசிகூட நுழையவில்லை. இப்போது டோம்பிவிலியில் இருக்கும் சித்திக்கே போன் போட்டுக் கேட்டேன்.



"அந்த எடத்துலதான் உங்கப்பா போன் வந்துச்சு" என்றாள். "பிள்ளைக்கு மூச்சு நின்னு நின்னு வருது, மிஷின் வச்சிருக்காங்க, காலையில வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதாம், வீட்ல உங்கிட்ட சொல்லிராதன்னாக. வண்டியும் நகரல. நான் எங்க போவேன்? கை நின்னா அவனுக்கு மூச்சு நின்னுரும்னு ஒரு கோட்டித்தனம். விடாமச் சுத்துனேன். போன் வந்த பிறகு நூத்தி நாப்பத்திரெண்டு சுத்துட்டி."

போனை வைத்துவிட்டு, இறுக்கம் தொடங்கிய இடத்திலிருந்து மேல்பட்டி வரை விரல் வைத்து ஒவ்வொரு சுற்றாக எண்ணினேன். நூற்று நாற்பத்திரண்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை. எண்ணத் தெரியாதா என்று அவளைப் பார்த்துக் கேட்ட வாய் இது.