முனிக்கு வைத்த சோறு

மலாயாவில் தம்பின் மலையடியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் சன்னாசி பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார். எந்தப் பறவையின் குரலையும் சீட்டியில் அப்படியே திருப்பித் தருவார். ஒருமுறை அந்தச் சீட்டிக்கு மயங்கி ஓர் இருவாச்சி இறங்கிவந்து, அவர் தோளில் உட்கார்ந்து வெற்றிலை கேட்டதாம். நான் பாதிதான் நம்புகிறேன். வெற்றிலை கேட்ட பாதியை.

தோட்டத்துத் துரை பார்லோவுக்குப் பறவைப் பைத்தியம். அதுவோ அவசரகாலம், 1952. மலைக்காட்டில் கம்யூனிஸ்டுகள், தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோற்றைக்கூடப் போலீஸ் வாசல் தாண்ட விடாது. ஆனாலும் ஞாயிறு விடிந்தால் துரை துப்பாக்கியும் தூரக்கண்ணாடியுமாகச் சன்னாசியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார்.

"முனிக்குப் படைக்காம காட்டுல கால் வைக்க மாட்டேன் தொரை" என்பார் சன்னாசி.

"உன் முனி என்னா சாப்புடுது?"

"சோறு, கருவாடு, சுருட்டு ஒண்ணு."

"நம்ம பங்களா குசினிய விட மேல் லா!" என்று சிரித்த துரை, பொட்டலத்தைத் தம் தூரக்கண்ணாடிப் பையிலேயே போட்டுக்கொள்வார். துரையின் பையை யார் சோதிப்பது?

அந்த ஞாயிறும் காட்டோர மரத்தடியில் படைத்துவிட்டு ஏறினார்கள். கால் முழுக்க அட்டை. பாதி மலையில், நெஞ்சு சிவந்த பறவை ஒன்றைத் துரை அரைமணி நேரம் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரம் கீழே ரோந்துப் படை சோற்றைப் பார்த்துவிட்டது.

மறுநாள் விடிகாலைப் பெரட்டில், ஆள்கணக்கு எடுக்கும் இடத்திலேயே, விசாரணை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் என்பதால் சன்னாசி முன்னே வந்தார்.

"நான்தாங்க வெச்சேன். முனிக்கு."

"வாசலத் தாண்டி எப்படிப் போச்சு?"

சன்னாசி துரையைப் பார்த்தார். துரை தம் பூட்ஸைப் பார்த்தார். சோறு கடத்திய துரைக்கு வேலை நிலைக்காது. சன்னாசி வாய் திறக்கவில்லை. லாரியில் ஏற்றினார்கள்.

அவர் மனைவி நீலாவதி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கத்தை அழைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனாள்.

"ஒரு வார்த்த சொல்லுங்க தொரை. இல்லாட்டி ஊருக்கு அனுப்பிருவாங்களாம்."

அதுவரை தமிழ் பேசிய துரை அன்று இங்கிலீஷில் பேசினார். கிராணி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எழுதிப் பாக்குறாராம்மா."

"எனக்கு 'நோ'ன்னா தெரியும், கிராணி ஐயா."

தடுப்பு முகாமில் நான்கு மாதம். கடைசியாக அவள் பார்க்கப் போனபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சட்டை தொளதொளவென்று தொங்க நின்றார்.

"தொரை பேரச் சொல்லியிருந்தா என்ன? நாக்கு புளுத்தா போயிரும்?"

"அவரே சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டு இருந்தேன் புள்ள. அப்புறம் நான் சொல்லி யாரு நம்புவா?"

நாகப்பட்டினம் கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவரை மலாயாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது வயது மூன்று. சேலத்துப் பக்கம் என்பது தவிர ஊர் பேர்கூடத் தெரியாது. படுக்கையில் கிடந்த தாயை விட்டுவிட்டு நீலாவதியால் கூடப் போக முடியாது.

"கப்பல்ல எறங்கி யாரு வீட்டுக்குப் போறது, நீலா?"

அவள் யோசித்தாள். ஒரு பேராவது சொல்லி அனுப்ப வேண்டும் என்று உண்மையிலேயே யோசித்தாள். காவல்காரன் நேரமாகிவிட்டது என்றான்.