இல்லாத காலில் ஏறிய அட்டை

காலை 6.10. போடியிலிருந்து குரங்கணி பதினாறு கிலோமீட்டர். ஜீப்பில் தலைக்கு நூறு ரூபாய். காயம்பட்ட ராணுவ வீரர்களுக்கான மலையேற்றப் பயிற்சி. வீரர்கள் ஏழு பேர், துணைக்கு ஆளுக்கொருவர். என் மகன் கதிரேசனுக்கு நான். கண்ணிவெடியில் அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்ப் பதினான்கு மாதம். மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற தோட்டக் குடியிருப்பு வரை இன்று ஏறி முடித்தால்தான் இமயமலைக்குப் போகும் அணியில் சேர்ப்பார்கள். எனக்கு வயது எழுபத்தொன்று. முந்தைய இரவு நான்கு முறை எழுந்து மழையைப் பார்த்தேன்.

7.40. ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக மூடுபனிக்குள் மறைந்தார்கள், பேச்சும் மறைந்தது. மகனுடைய காலடி மட்டும் கேட்டது. ஒன்று மெத்தென்று, அடுத்தது 'டக்' என்று. 1,840 வரை எண்ணியிருப்பேன். சத்தம் நின்றது.

“இடது கால்ல அட்டை கடிக்குதுப்பா.”

அவன் முகம் வெளுத்திருந்தது. குனிந்து பார்த்தேன். கறுப்பு பிளாஸ்டிக் கால், அதில் சேறு. வேறொன்றும் இல்லை. வலது காலில் நிஜமாகவே மூன்று அட்டைகள். அவற்றை அவன் பொருட்படுத்தவில்லை. வீட்டில் அந்தக் கால் வலிக்கிறது என்னும்போதெல்லாம் சொல்வதையே சொன்னேன்: அங்கே கால் இல்லை. அவன் கல்லில் உட்கார்ந்துவிட்டான். இறங்கிவிடலாம் என்றான்.

வழிகாட்ட வந்த தோட்டத் தொழிலாளி பேச்சியம்மாள் எங்களைத் தேடித் திரும்பி வந்தார். கையில், அட்டையை எடுக்க, நுனியில் உப்பு முடிச்சு கட்டிய குச்சி.

“எங்கன கடிக்குது அப்பு?”

“சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல.”

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஷூவைக் கழற்றச் சொன்னார். விரல் பிரியாத அந்தப் பாதத்தின் இடது ஓரத்தில் குச்சியை வைத்து அழுத்தினார். இலைகளிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. பிறகு குச்சியைத் தூக்கி, செடிகளுக்குள் எதையோ உதறினார்.

“விட்டுருச்சு” என்றான் கதிரேசன்.

“விடாம என்ன செய்யும்? வெரசா நடங்க. ஐயா, ஒங்க கழுத்தப் பாருங்க.”

என் கழுத்தில் இரண்டு. அவர் உதறிய இடத்தை ஏனோ நான் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

11.25. சென்ட்ரல் ஸ்டேஷன். ஏழாவதாக வந்தான். பெயரை எழுதிக்கொண்டார்கள்.

மாலை 5.30. மதுரைப் பேருந்து. தேனி தாண்டியதும் கதிரேசன் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். வீட்டில் இந்த வலிக்கு நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். அது வாய்வரை வந்தது. குனிந்து, வெறும் பிளாஸ்டிக்கின் மேல் கையை வைத்தேன்.

“எந்த விரல்?” என்று கேட்டேன்.