முப்பது எண்ணி எடுத்த இஸ்திரிப் பெட்டி

இன்று டி-ஷர்ட் பிரிண்ட் கடை கவுன்ட்டரில்...

மெஷினை அமுக்கிப் பிடித்தபடி கடைத் தம்பி சொன்னார்: "டைமர் அடிக்கிறதுக்கு முன்னால எடுத்தா எழுத்து உரிஞ்சிரும் மேடம். எதுக்கும் ஒதவாது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை! (தம்பி பயந்துபோய் மெஷினை ஒருமுறை பார்த்தார்.)

ஏன் என்று சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம், சங்கரன்கோவில். எனக்குப் பத்து வயது. அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, சைக்கிள் சீட்டுக்கும் பஸ் சீட்டுக்கும் ரெக்சின் தைக்கிற கடை வைத்திருந்தார்.

மிச்ச ரெக்சினில் எழுத்து வெட்டுவார். பின்னால் பஞ்சர் சொல்யூஷன் தடவிப் பனியனில் வைப்பார். மேலே ஈரத்துணி போட்டு, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் நூறு எண்ணும்வரை அமுக்கினால் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும்.

அமுக்குவது தாத்தா. எண்ணுவது நான். (டைமரே நான்தான்!)

சின்ன மாமா கபடி ஆடுவார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள் புளியங்குடி டீமோடு மேட்ச். வெளியூர் மில் ஒன்றிலிருந்து ஆட்டத்தைப் பார்க்க ஆள் வருகிறார், பிடித்துப் போனால் மில்லில் வேலை. மாமாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. மூன்று வேளை சோறு, நாலு வேளை தாத்தாவிடம் ஏச்சு. பாவம், அந்த மேட்சைத்தான் மலைபோல நம்பியிருந்தார்.

டீமின் ஏழு பனியனும் ரைஸ்மில் முதலாளி உபயம்.

உபயம் தெரியுமல்லவா? கோவில் ட்யூப் லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்குப் பெயர் எழுதி வைப்போமே, அதேதான்!

முதலாளி நேரிலேயே கடைக்கு வந்துவிட்டார்.

"வெள்ளைப் பட்டையில எம் பேரு. நெஞ்சு பூராவும் வரணும் வே."

"நம்பரு எங்கன போட மொதலாளி?" என்றார் தாத்தா.

"அது முதுகுல எங்கனயாவது சின்னதாக் கெடக்கட்டும்."

மாமா பனியனுக்கென்று நானும் தாத்தாவும் சிவப்பு ரெக்சினில் ஒரு செம்பருத்தி வெட்டி வைத்திருந்தோம். உள்ளங்கை அளவு, ஐந்து இதழ், நடுவில் மஞ்சள். வெட்டவே இரண்டு நாள் ஆனது. அது முதலாளி கண்ணில் பட்டுவிட்டது.

"எம் பேரு இருக்க எடத்துல பூ எதுக்குட்டி? கபடி ஆடுதானா, மாப்பிள்ளை அழைப்புக்குப் போறானா? தூரப் போடு!"

எனக்கு வந்ததே கோபம்! தாத்தாவோ பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

ஆறு பனியன் முடிந்தது. ஏழாவது மாமாவுடையது. "பெட்டியத் தொடாத, இந்தா வந்துருதேன்" என்று தாத்தா டீ குடிக்கப் போனார்.

தொட்டேன். பூவுக்குச் சொல்யூஷன் தடவி நெஞ்சு நடுவில் வைத்து, ஈரத்துணி போட்டு, இரண்டு கையாலும் பெட்டியை அமுக்கி, நூறு எண்ணினேன். அதன்மேல் முதலாளியின் பட்டையை வைத்து ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

தாத்தா வந்து அமுக்கினார். நான் மனதுக்குள் எண்ணினேன். முப்பதில் "நூறு!" என்றேன்.

"ஏட்டி, இன்னைக்கு நூறு வெரசா வந்துட்டே?"

"நீங்க டீ குடிச்சிட்டு வந்தீங்கள்லா தாத்தா, அதான்."

(என்ன பதில் இது? ஆனாலும் பெட்டியை எடுத்துவிட்டார்!)

மேட்ச் அன்று இரண்டு பக்கமும் சமமான புள்ளி. கடைசியாகப் பாடிப்போனது மாமா. ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, புளியங்குடிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து பாய்ந்து மாமாவின் நெஞ்சுப் பட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். கோடு இன்னும் இரண்டு எட்டுதான். மாமாவால் நகர முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சர்ர்ர்ர்!

பட்டை முழுசாக உரிந்து வந்தது. அவர் அதைப் பிடித்தபடியே மல்லாந்து விழுந்தார். மாமா கோட்டைத் தொட்டுவிட்டார்!

ஊரே கத்துகிறது. மேடையில் முதலாளி மட்டும் வேறு மாதிரி கத்துகிறார்.

"எம் பேரு! எம் பேரு எங்கவே?"

(அது புளியங்குடிக்காரர் கையில் பத்திரமாக இருந்தது.)

மில்லிலிருந்து வந்தவருக்கு அதுவரை ஒரே குழப்பம். ஏழு நெஞ்சிலும் ஒரே பெயர், முதுகில் எறும்பு அளவு நம்பர். யார் யாரென்று எப்படித் தெரியும்? இப்போது கையை நீட்டினார்.

"அந்தச் செம்பருத்திப் பூ போட்ட தம்பியக் கூப்பிடுங்க!"

மாமா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்து முழித்தார். தாத்தா என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நூறு எண்ணுனியா?"

"பூவுக்கு எண்ணுனேன் தாத்தா."

அடுத்த மாதமே மாமாவுக்கு வேலை கிடைத்தது. "எல்லாம் நம்ம உபயம்லா!" என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மில்லில் ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்துவிட்ட சின்ன மாமா இந்தப் பதிவைக் கட்டாயம் படிப்பார். இன்றைக்கும் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் "அன்னைக்கு என் வேகத்துக்கு ஒருத்தனாலயும் பிடிக்க முடியல" என்கிறீர்களே...

மாமா, அது வேகம் இல்லை. முப்பது!